மாமனாரின் கார் சாவி

சாவியைத் தொலைத்தவனுக்குக் கோபம் தன் மேல் வராது. திறந்துவிட வருகிறவள் மேல்தான் வரும். தொழிலுக்கு வந்த புதிதில் இது அவளுக்கு வருத்தமாக இருந்தது. பிறகு சிரிப்பாக இருந்தது. இப்போது இரண்டும் போய் வெறும் இளக்காரம்தான் மிச்சம்.

சலவைக் கடைக்கும் செருப்புத் தைக்கும் கடைக்கும் நடுவில் இடுங்கிக்கொண்டு நிற்கும் கடை அவளுடையது. ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும். சுவர் முழுக்க ஆணிகளில் வெட்டாத சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். மேஜையில் வெட்டு மெஷின். அது ஓடும்போது பித்தளைத் தூள் பறந்து அவளுடைய கழுத்து மடிப்பிலும் நகக்கண்ணிலும் போய் உட்காரும். தெருவுக்கே அவள் சாவிக்காரி. பெயர் தெரிந்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள், பெரிய கடையொன்றின் கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒருவர் போனில் அவசரம் அவசரமாகக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், தொப்பலாக நனைந்துகொண்டு ஒரு புதுக் கார். அதைவிட நனைந்துகொண்டு அதன் சொந்தக்காரர். பையில் சாவி இருந்தால் போதும், பட்டனை அமுக்கினால் வண்டி கிளம்பும் என்கிற ரகம். அன்றைக்குக் கதவே திறக்கவில்லை. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான், கேஸ் போடப்போகிறேன் என்று அவர் குதித்துக்கொண்டிருந்தார். அவள் சாவியை வாங்கி, ஓரத்தில் இருந்த சின்ன விசையை நகத்தால் தள்ளினாள். சோப்பு டப்பா மாதிரி இருந்த அதன் வயிற்றுக்குள்ளிருந்து தகடாக ஓர் இரும்புச் சாவி வெளியே வந்தது. அதைப் போட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே உட்கார்ந்து அந்த டப்பாவை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அமுக்கினாள். வண்டி கிளம்பிவிட்டது.

“உள்ள பேட்டரி செத்துப்போச்சு. கைக்கடிகாரத்துக்குப் போடற மாதிரி ஒரு வில்லை. மாத்திக்குங்க.”

“இதை நானே பண்ணியிருப்பேனே,” என்றார் அவர், அவள் ஏதோ அபகரித்துவிட்டதைப் போல.

“பண்ணியிருக்கலாம். பண்ணலையே.”

சாவியைப் பார்த்தே ஆளை அளந்துவிடுவாள். வெறும் இரும்புச் சாவிக்காரர்கள் பழைய லாரி, பழைய வேன் வைத்திருப்பவர்கள். பல்லும் பள்ளமும் சரியாக இருந்தால் போதும், அவர்கள் வண்டி யார் கைக்கும் ஓடும். அது அவர்களுக்கே தெரியும் என்பதால் அலட்டிக்கொள்ள மாட்டார்கள். அடுத்தது, தலையில் கறுப்புப் பிளாஸ்டிக் வைத்த சாவிக்காரர்கள். அந்தப் பிளாஸ்டிக்குக்குள் ஒரு சிப் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. எங்கேயோ தெருமுனையில் இரும்பை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு போவார்கள். கதவு திறக்கும், வண்டி ஒரு உறுமல் உறுமும், உடனே அணைந்துவிடும். அங்கிருந்து நேராக இவளிடம் வந்து உலகத்தைத் திட்டுவார்கள். மூன்றாவது, பட்டன்காரர்கள். வண்டி தங்களைப் பார்த்ததுமே மயங்கிக் கதவைத் திறக்கிறது என்று நினைப்பு.

குடும்பத்து ஆண்பிள்ளைகள் மூன்று பேரைப் பற்றியும் அவளுக்கு உயர்ந்த அபிப்பிராயம் இருந்ததில்லை.

மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் பாதியை வானத்தில் தொங்கும் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து கழித்தவர். கீழே இருக்கிறவர்களெல்லாம் எறும்பு மாதிரித் தெரிந்து பழகிவிட்டதால், இறங்கி வந்த பிறகும் மனிதர்களை அதே அளவில்தான் பார்த்தார். மருமகள் சாவிக்கடை வைத்தபோது, பூட்டைத் திறக்கிற தொழிலுக்கும் திருட்டுத் தொழிலுக்கும் வேஷம்தான் வித்தியாசம் என்றார். அதைச் சாப்பாட்டு மேஜையில், அவள் பரிமாறிக்கொண்டிருக்கும்போதே சொன்னார்.

மூத்த மகன் சமையலறைச் சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்தான். வேறு வீட்டில் இருந்தாலும் வாரத்தில் பாதி நாள் இங்கேதான் சாப்பாடு. அவன் வாயிலிருந்து கசப்பாக ஒரு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. அவள் மனசுக்குள் அவனுக்குச் சர்க்கரை என்று பெயர் வைத்திருந்தாள். இளையவன் அவளுடைய புருஷன். தண்ணீர் வரி அலுவலகத்தில் வேலை. நல்லவன் என்று எல்லாரும் சொன்னார்கள். எதிலும் வாயைத் திறக்காதவனுக்கு நல்லவன் என்று பெயர் வாங்குவது ஒரு பெரிய விஷயமில்லை என்பது அவள் எண்ணம்.

விஷயம் மாமனாரின் கண்ணில் ஆரம்பித்தது. மூத்தவன்தான் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி இரண்டு ஓரத்துப் பார்வையும் போய்விட்டது, போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விட வேண்டும், இனி காரைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னார். கிழவரை வெளியே உட்காரவைத்துவிட்டு மூத்தவனிடம்தான் சொன்னார். அப்பாவிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று இவன் கேட்டுக்கொண்டானாம். அந்தப் பக்குவம் வரவே இல்லை. சொட்டு மருந்து மட்டும் வந்தது. கிழவர் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படித்துக்கொண்டு, காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்தார்.

சந்தைத் தெருவில், பக்கவாட்டுச் சந்திலிருந்து பழவண்டி தள்ளிக்கொண்டு வந்த பெண்ணை அவர் இடித்தார். வண்டி குடைசாய்ந்து பழமெல்லாம் சாக்கடை வரைக்கும் உருண்டது. அந்தப் பெண்ணுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. இறங்கிப் போய் அவளைத்தான் கிழவர் திட்டினார், குருட்டுத்தனமாக வந்து விழுகிறாயே என்று.

அன்று சாயங்காலம் அண்ணனும் தம்பியும் சமையலறையில் வந்து நின்றார்கள். அடுத்த அறையில் கிழவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்ததால் இரண்டு பேரும் கிசுகிசுத்தார்கள். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மூத்தவன் சுற்றி வளைத்து வந்து சேர்ந்த இடம் இதுதான்: அப்பாவின் சாவியில் அவள் ஏதாவது செய்துவிட வேண்டும். வண்டி கெட்டுப்போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும். பழைய வண்டிதானே, கொஞ்ச நாள் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிடுவார். அவர் மனசும் நோகாது, நமக்கும் நிம்மதி.

“கண்ணு தெரியலன்னு சொல்லிட்டுப் போறது,” என்றாள் அவள்.

“சொல்லலாம்மா. ஆனா அவர் உடைஞ்சு போயிடுவாரு. நீ யோசிச்சுப் பாரு,” என்றான் மூத்தவன்.

அவள் புருஷனைப் பார்த்தாள். சொல்வதற்கு ஒரு நேரம் வரட்டும் என்றான் அவன், குழாயைப் பார்த்துக்கொண்டு. தலை நரைத்த இரண்டு ஆம்பிளைகள், ஒரு கிழவனிடம் ஒரு வாக்கியம் சொல்ல ஆளில்லாமல் மீன் செதிலுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்கள். இவர்களுக்குச் செய்துகொடுப்பதில்லை என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஆனால் அந்தச் சந்தைத் தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரும். அதோடு, திருட்டுத் தொழில் என்றாரே, அதுவும் உள்ளே ஒரு மூலையில் கிடந்து அரித்தது. செய்கிறேன் என்றாள்.

மறு ஞாயிறு அவர் குளிக்கப் போனபோது செய்துவிட்டாள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் துளையில், வண்டிக்குச் சாவியைப் பதிகிற தன் கை மெஷினின் வயரைச் செருகினாள். வண்டியின் நினைவில் இருந்த சாவிகளையெல்லாம் துடைத்தாள். அலமாரியிலிருந்து எடுத்து வந்த மாற்றுச் சாவியை மட்டும் மறுபடி அறிமுகப்படுத்திவிட்டு, அதைக் கடைப் பெட்டியில் போட்டுக்கொண்டாள். கிழவர் தலை துவட்டி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

பிறகு நடந்ததைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

கிழவர் தினமும் காலையில் போய் உட்காருவார். கதவு எப்போதும் போலத் திறக்கும். சாவியைத் திருப்பினால் எஞ்சின் உறுமும், உடனே ஆளைப் பார்த்து மூச்சை நிறுத்திக்கொள்வது போல நின்றுவிடும். மாற்றுச் சாவி எங்கே என்று கேட்டார். எங்கேயோ தொலைந்துவிட்டது என்றான் இளையவன். மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். மூத்தவன் முன்கூட்டியே பேசிவைத்த ஆள். வண்டியின் மூளையே போய்விட்டது, அந்தப் பாகம் இப்போது வருவதில்லை என்று அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னான். எனக்கே வயிற்றைப் பிசைகிறது அப்பா என்றான் மூத்தவன். சொல்லிவிட்டு உள்ளே வந்து முட்டையும் ரொட்டியும் திருப்தியாகச் சாப்பிட்டான். அவன் தட்டில் இன்னொரு முட்டையை வைக்கும்போது அதை அவன் தலையிலேயே உடைத்தால் என்ன என்று இவளுக்குத் தோன்றியது.

கிழவர் விடவில்லை. ஓடாத காரைத் தினமும் கழுவினார். துடைத்தார். பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தார். மழை நாட்களில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, உள்ளே ஆள் இருப்பதே தெரியாது. ஒரு தடவை அவள் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது, வண்டிக்கும் வயசாகிவிட்டது என்றார். அவர் குரலில் எப்போதும் இருக்கும் ஏளனம் இல்லை. அது இல்லாமல் கேட்க அவளுக்கு என்னவோ போல இருந்தது.

கார் கெட்டுப்போனால் மனுஷன் வேறு கார் வாங்குவான் என்பது இரண்டு பிள்ளைகளுக்கும் தோன்றவே இல்லை. ஒரு நாள் கிழவர் பேப்பரில் ஒரு விளம்பரத்தைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டு வந்தார். அதிகம் ஓடாத வண்டி, வருகிற வாரம் போய்ப் பார்க்கலாம் என்றார். மூத்தவனுக்கு வியர்த்துவிட்டது. அன்று சாயங்காலமே தம்பியையும் இழுத்துக்கொண்டு அவள் கடைக்கு வந்தான். உள்ளே இடமில்லாததால் ஒருவன் சலவைக் கடைப் படியிலும் ஒருவன் செருப்புக் கடைப் படியிலும் நின்றார்கள்.

“அந்த வண்டிக்கும் ஏதாவது பண்ணிட முடியுமாம்மா?” என்றான் மூத்தவன்.

அவள் மெஷினை நிறுத்தினாள்.

“அதுக்கப்புறம் இன்னொண்ணு வாங்கினா, அத்தான்?”

“அப்ப பாத்துக்கலாம்.”

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். அவன் செருப்புக்காரரின் பசை டப்பாவை முதல் தடவையாகப் பார்க்கிறவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊரிலிருக்கிற கார்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கெடுத்துக்கொண்டே வருவார்களே தவிர, இவர்கள் சொல்லப்போவதில்லை. கடையைச் சாத்த வேண்டும், போங்கள் என்றாள்.

மறுநாள் மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். தோளில் மெஷின் பை, கையில் மாற்றுச் சாவி. கிழவர் காருக்குள் உட்கார்ந்திருந்தார். மழை விட்டிருந்தது. அவள் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

“மாமா, வண்டி கெடல. உங்க சாவியை அழிச்சது நான்தான்.”

அவர் பேப்பரை மடித்தார். “அழிக்கறதுன்னா?”

“உங்க சாவித் தலைக்குள்ள நெல்லு சைசுல ஒரு சிப் இருக்கு. அதுக்குன்னு ஒரு நம்பர். சாவியைப் போட்டதும் வண்டி அந்த நம்பரைக் கேக்கும். தெரிஞ்ச நம்பரா இருந்தா பெட்ரோலை விடும். இல்லன்னா நிறுத்திடும். உங்க நம்பரை வண்டி மறக்கற மாதிரி பண்ணிட்டேன்.”

“யார் சொல்லி?”

“உங்க பசங்க ரெண்டு பேரும். ஆனா கை என்னோடதுதான்.”

“மெக்கானிக்கு?”

“அத்தான் பேசி வெச்ச ஆளு.”

கிழவர் மடித்த பேப்பரை முன் கண்ணாடிக்குக் கீழே வைத்தார்.

“திருட்டுத் தொழில்னு நான் சொன்னப்ப மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்ட.”

“அன்னிக்குச் சொன்னது தப்பு மாமா. இன்னிக்குச் சொல்லுங்க, கேட்டுக்கறேன்.”

அவர் சொல்லவில்லை. எதற்காகச் செய்தார்கள் என்று மட்டும் கேட்டார். அவள் சொன்னாள். டாக்டர் சொன்னதை, அவர் வெளியே உட்கார்ந்திருந்தபோது சொன்னதை, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

“நான் பேப்பர் படிக்கறேன். கண்ணாடி இல்லாம.”

“பேப்பர் நேரா இருக்கு மாமா.”

டாக்டர் ஒரு மடையன், மூத்தவன் அவனைவிட மடையன் என்றார் கிழவர். கூண்டில் இருந்த காலத்தில் ஒரு விரற்கடை பிசகாமல் பெட்டிகளை இறக்கிய கண் இது என்றார். அவள் வயரைச் செருகி, மாற்றுச் சாவியின் துணையோடு அவருடைய சாவியை மறுபடி வண்டிக்கு அறிமுகப்படுத்தினாள். திருப்பச் சொன்னாள். எஞ்சின் பிடித்துக்கொண்டு நிற்காமல் ஓடியது. கிழவரின் முகம் சிறுபிள்ளை முகமாகிவிட்டது. அதைப் பார்க்காமலிருக்க அவள் கீழே இறங்கினாள்.

“அப்படியே நியூட்ரல்ல போட்டு ஆஃப் பண்ணுங்க. நேரா அந்தக் கேட்டுத் தாழ்ப்பாளைப் பாருங்க. தலையைத் திருப்பக்கூடாது. நான் பின்னாடியிருந்து உங்க பக்கமா நடந்து வரேன். தெரிஞ்சதும் சொல்லுங்க.”

சின்னப்பிள்ளை விளையாட்டு என்று முனகிக்கொண்டு அவர் தாழ்ப்பாளைப் பார்த்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத் தரையில் சத்தமில்லாமல் நடந்தாள். பின்சக்கரம், பின்கதவு, அவருடைய கதவு. பக்கக் கண்ணாடிக்கு அருகில் வந்து நின்றாள். கை நீட்டினால் அவர் காதைத் தொட்டுவிடலாம்.

“வாம்மா. ஏன் அங்கயே நின்னுட்ட?” என்றார் கிழவர், தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே.

அவள் இன்னும் நகர்ந்தாள். பானெட்டின் விளிம்பு வரை வந்தாள்.

“வர்றியா இல்லையா?”

அவள் விரலால் பானெட்டைத் தட்டினாள். கிழவர் திடுக்கிட்டுத் தலையைத் திருப்பினார். அவள் நின்ற இடத்தைப் பார்த்தார். அங்கே எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்கவில்லை. இன்னொரு பக்கம் என்றார். இன்னொரு பக்கமும் அப்படியேதான் ஆனது. மறுபடி என்றார். இந்தத் தடவை தலையைக் கொஞ்சம் திருப்பிக் கள்ளத்தனம் பண்ணினார். நேராகப் பாருங்கள் என்றாள் அவள். பார்த்தார்.

“அந்தப் பழக்காரப் பொண்ணு,” என்றார் கடைசியில். “அவ எங்க இருந்தா?”

அவள் போய் அந்த இடத்தில் நின்றாள். “இங்க.”

“இப்ப நீ அங்க நிக்கறியா?”

“நிக்கறேன் மாமா.”

அவர் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, இதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம், பெரியவனைச் சாயங்காலம் சாப்பிட வரச்சொல் என்றார். அவர் குரலில் பழைய ஏளனம் திரும்பி வந்திருந்தது.

இருட்டுவதற்கு முன்னாலேயே மூத்தவன் வந்துவிட்டான். மேஜையில் சோறும் மீனும் இருந்தன. எல்லாரும் உட்கார்ந்த பிறகு கிழவர் சோற்றைத் தொடாமல் கேட்டார்.

“பெரியவனே, என் கண்ணு எப்படி இருக்கு?”

“உங்க கண்ணுக்கென்னப்பா. எங்களவிட நல்லா தெரியுது உங்களுக்கு.”

“டாக்டர் ஒண்ணும் சொல்லலையே?”

“சொட்டு மருந்தை விடாம போடச் சொன்னாரு, அவ்வளவுதான்.”

“நல்லதாப் போச்சு. வண்டியும் சரியாயிடுச்சு. வா, ஒரு சுத்து போயிட்டு வந்து சாப்பிடலாம்.”

அவர் எழுந்து வாசலுக்குப் போய்க் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓடியது. அண்ணனும் தம்பியும் வாசற்படியில் நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். அவள் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். வா, பக்கத்தில் உட்கார் என்று கிழவர் மூத்தவனைக் கூப்பிட்டார். மூத்தவன் சட்டைப் பையைத் தடவினான். கடையிலிருந்து யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றான். அவன் போன் அடிக்கவே இல்லை. அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று பேசியபடி தெருவில் இறங்கி அவன் நடந்துபோவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சரி, நீ வா,” என்றார் கிழவர் இளையவனிடம்.

இப்போதாவது சொல்லித் தொலைப்பான் என்று அவள் நினைத்தாள். அவன் படியிறங்கினான். கார்க் கதவைத் திறந்தான். ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினான். அவளுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. பார்வையில்லாதவர் ஓட்டுகிற காரில் போய்ச் சாவதுகூட இவனுக்குச் சுலபமாக இருக்கிறது. வாயைத் திறப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. இத்தனை வருஷம் இவனோடு ஒரே கட்டிலில் படுத்திருக்கிறோமே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

கிழவர் கேட் வரைக்கும் மெதுவாக வண்டியை நகர்த்தினார். நிறுத்தினார். இளையவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

“அவன் பொய் சொல்லிட்டு ஓடிட்டான்,” என்றார் கிழவர். “நீ அந்தப் பொய்யைக் காப்பாத்தறதுக்கு உயிரை விட வந்து உக்காந்திருக்க. ரெண்டு பேர்ல எவன் மட்டம்னு எனக்குத் தெரியல.”

இளையவன் கண்ணைத் திறந்தான். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மாட்டியிருந்த பெல்ட்டை அவிழ்த்தான்.

“ரெண்டு பக்கமும் தெரியலப்பா உங்களுக்கு,” என்றான் கடைசியில். “டாக்டர் சொன்னாரு. இனிமே ஓட்டக்கூடாது.”

“இதைச் சொல்ல எத்தனை நாளு.”

“பயமா இருந்துச்சுப்பா.”

“எங்கிட்டயா?”

“உங்ககிட்டதான்.”

கிழவர் அவனைப் பார்க்கத் தலையை முழுவதும் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பிப் பார்த்தார். நன்றாக வாழ்ந்தோம் என்று எண்ணிக்கொண்டிருந்தவனிடம் யாரோ வேறு ஒரு கணக்குச் சொன்னது போல, அந்த முகத்தில் ஒரு குழப்பம் வந்து போனது. வண்டியைப் பின்னால் எடுக்கப் போனவர், கியரிலிருந்து கையை எடுத்துவிட்டார். எஞ்சினை அணைத்தார்.

“உன் மெஷினை எடுத்துட்டு வா,” என்றார் மருமகளிடம். “என் கண்ணு முன்னாடி அழி.”

அவள் கொண்டுவந்து அவர் முழங்காலுக்கு அடியில் குனிந்து வயரைச் செருகினாள். திரையில், அழிக்கட்டுமா என்ற கேள்வி வந்தது. இதை அமுக்க வேண்டும் என்று காட்டினாள். கிழவர் திரையை முகத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணாடி இல்லாமலே படித்தார். அவரே அமுக்கினார். அவள் மாற்றுச் சாவியை வண்டிக்கு அறிமுகப்படுத்தி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு தன் சாவியைப் போட்டுத் திருப்பினார். எஞ்சின் உறுமி நின்றது. மறுபடி திருப்பினார். மறுபடியும் நின்றது. தலையை ஆட்டிக்கொண்டார், வேலை ஒழுங்காக இருக்கிறது என்பது போல.

மாற்றுச் சாவியைத் தன் பிள்ளைகளிடம் அவள் கொடுக்கக்கூடாது என்றார். நீயே வைத்துக்கொள், சொட்டு மருந்துக்குப் போகிறபோது நீயே ஓட்டு, பெரியவன் என் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்றார். பிறகு இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தார். வாசற்படியின் ஓரம் அவருக்குத் தெரியவில்லை, கால் தடுக்கியது. இளையவன் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தான். விடுடா என்றார் கிழவர். அவன் விடவில்லை. இரண்டு பேரும் அப்படியே, ஒருவரையொருவர் பார்க்காமல், உள்ளே போனார்கள்.

அவள் வயரைச் சுருட்டிப் பையில் வைத்தாள். மூத்தவனின் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஆறிப்போன மீனைச் சூடு பண்ணத் தொடங்கினாள்.